கைப்பேசியும் இருதய நோயாளியின் பத்தியமும்

இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்கு வைத்தியர் மாத்திரைகளோடு உணவு முறையையும் எழுதிக் கொடுக்கிறார். முதல் மாதம் அச்சத்தினால் பத்தியம் காக்கப்படுகிறது. பின்னர் ஊரிலிருந்து ஊறுகாய் வருகிறது, பண்டிகை வருகிறது, பத்தியம் தளர்ந்துவிடுகிறது. தக்க வேளையில் நினைவூட்டுவார் இல்லாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். அப்பணியைக் கைப்பேசி செய்யக்கூடும்.

இது வெறும் ஊகமன்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 710 இருதய நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை நடந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி, புகை விடுதல் ஆகியவை பற்றி வாரம் நான்கு குறுஞ்செய்திகள் ஆறு மாதம் அனுப்பப்பட்டன. 2015-இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றோரின் இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரி 128, பெறாதோருக்கு 136. கெட்ட கொழுப்பும் முன்னவருக்கே குறைவாயிருந்தது.

நம் நாட்டிலும் சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 ஆடவரிடம் இத்தகைய ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டனர். இரண்டாண்டுகளில், செய்தி பெற்றோரில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதோரில் 27 பேருக்கும் நீரிழிவு கண்டது.

இதனை நாம் வீட்டிலேயே கைக்கொள்ளலாம். முதலாவதாக, செய்தி நோயாளிக்கு மட்டுமன்றிச் சமைப்பவருக்கும் செல்லவேண்டும். உலைவைக்கும் முன்னரே அது வருதல் நன்று. இலை போட்ட பின் வரும் அறிவுரையால் மனத்தாங்கலே மிஞ்சும். "இன்று அப்பளத்துக்குப் பதில் வெள்ளரிக்காய்" என்பது போல ஒரு செய்தியில் ஒரு காரியமே இருக்கட்டும். வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். அவர்களுக்குக் குரலிலேயே சொல்லி அனுப்பலாம்.

இரண்டாவதாக, உப்பைக் கணக்கிடவேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே கொள்ளவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழம்பு, ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் யாவும் இக்கணக்கில் அடங்கும். கடைப் பொட்டலங்களில் சோடியத்தின் அளவு பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். நாள் முழுவதற்குமான சோடிய வரம்பு 2,000 மில்லிகிராம் என்பதை நினைவிற் கொள்க.

ஓர் எச்சரிக்கை. இருதய அடைப்பைக் கரைக்கும் கஷாயம் என்று அதே கைப்பேசியில் பல பொய்ச் செய்திகளும் உலவுகின்றன. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே தீங்காகும். சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் கோளாறு உடையோரும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் அதனைக் கொள்ளலாகாது.

தொலைவிலுள்ள பெற்றோரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று நாள்தோறும் கேட்கிறோம். இனி, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றும் கேட்போமாக.