வோஜ் மலையின் காட்டுப் பாதைகள்

ஐரோப்பாவில் சைக்கிளேறி மலை காணப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்களையே நாடிச் செல்கிறார்கள். அச்சிகரங்களின் கம்பீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும், மோட்டார் ஓசை காதில் விழாமல், காலைப்பொழுது முழுவதும் மரநிழலிலேயே ஏறி, தம் மூச்சையும் ஓடைநீரின் சலசலப்பையும் கேட்டுக்கொண்டு போகவேண்டும் என்னும் ஆசை உள்ளவர்கள், பிரான்ஸ் தேசத்தின் கிழக்கு ஓரத்தில் ரைன் நதிக்கு இணையாக நீண்டு கிடக்கும் வோஜ் மலைத்தொடருக்குத்தான் முதலில் போகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அத்தொடரில் எல்லாவற்றிலும் உயர்ந்த சிகரமாகிய கிரான் பலோனின் உயரம் 1,424 மீட்டர்தான். உயரம் குறைந்திருப்பதே அம்மலையின் பாக்கியம். ஆல்ப்ஸின் பெருங்கணவாய்களில் மரங்கள் பாதி வழியிலேயே நின்றுவிட, அப்பால் வெயிலுக்கும் காற்றுக்கும் பிரயாணி தனியே முகங்கொடுக்க வேண்டியிருக்கிறது. வோஜ் மலையிலோ காடு ஏறக்குறைய உச்சிவரை கூடவே வருகிறது.

ஆதியில் வோஜும், நதிக்கு அப்பால் ஜெர்மனியிலுள்ள கருங்காட்டு மலையும் ஒரே மேட்டு நிலமாக இருந்தன என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகிறார்கள். நடுப்பகுதி பிளந்து தாழ்ந்து ரைன் சமவெளியாயிற்று. இரு விளிம்புகளும் மேலெழுந்து மலைகளாயின. இதனால்தான் கிழக்கே அல்சாஸ் பக்கம் சரிவு செங்குத்தாகவும், மேற்கே லொரேன் பக்கம் சாய்வு மெதுவாகவும் அமைந்திருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் முகட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழையைக் கொட்டிவிடுவதால், மறுபக்கத்து அடிவாரத்திலுள்ள கொல்மார் நகரம் 600 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது. அந்த வறட்சியில் திராட்சைத் தோட்டங்கள் செழிக்கின்றன. ஆகவே கொல்மாரிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறவர் திராட்சைக் கொடிகளின் நடுவே தொடங்கி, செஸ்நட் மரங்களையும் ஓக் மரங்களையும் கடந்து, பிறகு பீச் மரங்களும் ஃபர் மரங்களும் அடர்ந்த குளிர்ந்த இருளுக்குள் நுழைந்து, கடைசியில் காற்றால் குறுகி வளைந்த பீச் மரங்களுக்கு அப்பால் புல்வெளியில் வெளிப்படுகிறார். ஓர் உதயத்துக்கும் உச்சிப்பொழுதுக்கும் இடையில் பல சீதோஷ்ணங்களை இப்படிக் கடந்துபோவது, நடக்கிறவருக்கு நீண்ட வேலை, காரில் போகிறவருக்கோ கவனத்துக்கே வராத விஷயம். சைக்கிளின் வேகம் ஒன்றுதான் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

இந்தக் காட்டுப் பாதைகளை யாரும் உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போடவில்லை. மரம் வெட்டுகிறவர்களும், மாடு மேய்க்கிறவர்களும், யுத்தகாலத்துச் சிப்பாய்களுமே அவற்றின் கர்த்தாக்கள். முன்னாளில், வெட்டிய மரங்களைச் சறுக்குவண்டியில் மலைபோல் அடுக்கி, சரிவில் குறுக்குக் கட்டைகள் பதித்த தடத்தின்மேல், வண்டிக்கு முன்னே நின்று தம் முதுகாலும் குதிகாலாலும் பாரத்தைத் தடுத்துத் தடுத்துக் கீழே கொண்டுவரும் தொழிலாளர்கள் இருந்தார்கள். கால் ஒரு முறை இடறினால் வண்டி அவர்கள்மேலேயே ஏறிவிடும். அவர்களுடைய கருவிகளையும் வாழ்க்கையையும் காட்டும் சிறிய கண்காட்சிசாலை ஒன்று மன்ஸ்டர் பள்ளத்தாக்கில் முல்பாக் கிராமத்தில் இருக்கிறது. வழியில் இறங்கி அதைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, பிறகு ஏறும் ஒவ்வொரு வளைவும் வேறு விதமாகத் தோன்றும்.

யுத்தத்தின் கதை இன்னும் கனமானது. 1871-லிருந்து முதல் உலகப் போர்வரை மலைமுகடே பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாக இருந்தது. அக்காலத்து எல்லைக் கற்கள் இன்றும் முகட்டு வழியில் நிற்கின்றன. போர் மூண்டபோது, ஜெர்மானிய பீரங்கிகளின் கண்ணுக்குப் படாமல் படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுபோவதற்காக, முகட்டின் மேற்குப் பக்கத்தில் மறைவாகவே பிரெஞ்சு ராணுவம் ஒரு சாலையை அமைத்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த முகட்டுச் சாலைதான் இன்று இப்பிரதேசத்தின் மிகப் பிரசித்தமான வழி. 1915-இல் கடும்போர் நிகழ்ந்த லிங்கே என்னும் இடத்தில் பாறையைக் குடைந்த பதுங்குகுழிகளும் துருப்பிடித்த முள்வேலியும் மரங்களின் நடுவே இன்றும் தென்படுகின்றன. ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப்ஃப் குன்றில் அக்காலத்தில் ஒரு மரம்கூட முழுதாக மிஞ்சவில்லை. இப்போது அங்கே நிழல் தரும் காடு முழுவதும் பின்னர் வளர்ந்ததே.

முகட்டுச் சாலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் அங்கே ஓயாது. பனிக்காலத்திலோ அதன் நடுப்பகுதியை மூடிவிடுகிறார்கள். அமைதியைத் தேடுகிறவர்கள் வேலை நாளில், விடியற்காலையில் அதைக் கடந்துவிட்டு, மற்ற நேரத்தைப் பள்ளத்தாக்குகளிலிருந்து கிளம்பும் குறுகிய பாதைகளுக்கே ஒதுக்கவேண்டும்.

அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மன்ஸ்டருக்கு அருகே லுட்டன்பாக் கிராமத்திலிருந்து பெத்தி பலோன் கணவாய்க்குச் செல்லும் பாதையைச் சொல்வேன். கணவாயின் உயரம் 1,163 மீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சராசரிச் சாய்வு 8 சதவிகிதம், அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் எட்டு மீட்டர் மேலே போகிறோம். கேட்பதற்கு அற்பமாயிருக்கும் இந்த எட்டு மீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் நீடிக்கும்போது எவ்வளவு பெரியது என்பதைத் தொடைகள்தான் அறியும். இதற்குத்தான் பல்சக்கரங்கள். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்ற வண்டிச் சக்கரமும் ஒரே சுற்றுச் சுற்றி, சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 முறை நிதானமாக மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் கிடைக்கும். பெத்தி பலோனில் சாமானியர் ஏறும் வேகம் அதுவே. அதற்காக வெட்கப்பட வேண்டுவதில்லை.

இந்தச் சௌகரியம் எளிதில் வந்ததன்று. 1905-இல் டூர் த பிரான்ஸ் பந்தயம் இதே மலைத்தொடரின் தெற்குக் கோடியிலுள்ள பலோன் தல்சாஸ் வழியாகச் சென்றபோது, பல்சக்கர மாற்றுக் கருவி எதுவும் இல்லாமலே ரெனே பொத்தியே என்பவர் எல்லோரையும் பின்தள்ளி முதலில் உச்சியை அடைந்தார். அடுத்த ஆண்டு பந்தயத்தையே வென்றார். அவருடைய நினைவுச் சின்னம் மலைமேல் நிற்கிறது. செயிந்த் எத்தியேன் நகரத்துப் பால் த விவி என்னும் பத்திரிகாசிரியர் அந்நாட்களிலேயே பல்சக்கரங்களின் அவசியத்தை இடைவிடாது எடுத்துரைத்தும், பந்தயத்தார் சங்கிலி மாற்றும் கருவியை அனுமதித்தது 1937-இல்தான். மகிழ்ச்சிக்காகச் சைக்கிள் ஓட்டும் சாமானியரின் கட்சியைப் பேசிய அப்பெரியவர் சுற்றித் திரிந்ததும் பிலா என்னும் காடடர்ந்த தாழ்ந்த மலையிலேயே என்பது எனக்கு மிகுந்த திருப்தி தரும் செய்தி.

பெத்தி பலோனுக்குச் செல்லும் பாதை ஒரு வண்டிக்கே போதுமான அகலம். வேர்கள் தார்ப்பரப்பை ஆங்காங்கே தூக்கியிருக்கும். கரும் மரங்கொத்தியின் கூவல் தூரத்தில் கேட்கும். உச்சியை நெருங்கியதும் காடு சட்டென்று விலகி மேய்ச்சல் நிலம் விரிகிறது. முதுகில் வெள்ளைக் கோடோடிய வோஜ் பசுக்கள் மே மாதக் கடைசியில் மலையேறி இலையுதிர் காலம்வரை அங்கே மேய்கின்றன. அவற்றின் பாலிலிருந்து மன்ஸ்டர் பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை வீடுகளில், வழிப்போக்கருக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அவுரிநெல்லிப்பழம் வைத்த பணியாரமும் கிடைக்கும். 2023-இல் டூர் த பிரான்ஸ் இவ்வழியே வந்தபோது, அண்டைப் பிரதேசத்து வீரர் திபோ பினோ தம் கடைசி டூர் த பிரான்ஸில் இந்த உச்சியைத் தனியே முதலாவதாகக் கடந்தார். இந்தச் சிறு பாதையோரம் அன்று ஜனசமுத்திரமாயிருந்தது.

வருத்தத்துக்குரிய மாறுதல் ஒன்றும் கண்ணில் படும். 2018 முதல் வந்த வறண்ட கோடைகளால் பலமிழந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் துளைத்துக் கொன்றுவிட்டன. சரிவுகளில் பழுப்பு நிறத் திட்டுகளும், மொட்டையாக வெட்டிய இடங்களும் தெரிகின்றன. அம்மரங்களை ஏற்றிவரும் லாரிகள் வேலை நாட்களில் குறுகிய வளைவில் எதிர்ப்படக்கூடுமாதலால், இறக்கத்தில் நிதானம் வேண்டும். ஈர இலையும் பாசியும் படிந்த நிழல் வளைவுகளில் பிரேக்கை முன்கூட்டியே, நேர்கோட்டில் போகும்போதே, பிடித்துவிடுவது நல்லது. ஏறும்போது வியர்த்த உடம்பு இறங்கும்போது நடுங்கும். மேலே போர்த்திக்கொள்ள மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று சட்டைப்பையில் அவசியம்.

பெத்தி பலோனிலிருந்து சோண்டர்நாக் கிராமத்துக்கு இறங்கியபின், கால்களில் பலம் மிஞ்சியிருப்பவர்கள் பிளாட்சர்வாசல் கணவாயில் இன்னும் ஏழு கிலோமீட்டர் காட்டுக்குள் ஏறி மார்க்ஸ்டைன் முகட்டை அடையலாம். மற்றவர்களுக்கு மெட்ஸெரால் ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து மன்ஸ்டர் வழியாகக் கொல்மார் செல்லும் ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம்.