படகுக்கு அடியில் ஒரு சிரிப்புப் பட்டறை

தலை பத்திரம், குனிந்து வாருங்கள்! வாலிநோக்கம் கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் இந்தப் படகின் அடியில்தான் நம் பெயிண்டர் அண்ணனின் பட்டறை. ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்கு ஓய்வு. அண்ணனுக்கு மூச்சுவிட நேரமில்லை. எனாமல் டப்பாக்கள், சாயம் காய்ந்த பனியன், டர்பன்டைன் நெடி. பேச்சு சுவாரஸ்யத்தில் டீ கிளாசுக்குள் பிரஷ்ஷை முக்கிவிட்டார். பக்கத்திலிருந்த பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "சிரிக்காதடா, ஒரு கோட்டிங் உள்ளயும் இருக்கட்டும்!"

இப்போதுதான் விருந்து. சுத்தியல், உளிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறார். முதல் பக்கம்: சுற்றிலும் கடல், உப்பளம், தூரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். நடுவில் குடிநீர் லாரிக்கு நிற்கும் வரிசை. வரிசையில் ஆளே இல்லை, குடங்கள் மட்டும்! ஒரு குடம் கோணலாக நின்று முன்னால் எட்டிப் பார்க்கிறது. அடுத்த பக்கத்தில் மீன் ஏலம். வியாபாரிகளுக்கு நடுவில் ஒரு பூனை, ஏலக்காரர் வாயையே பார்த்தபடி. எந்தப் படத்துக்கும் கீழே ஒரு வரிகூட இல்லை.

"எல்லாம் கோபுலு சார் வாசம் தம்பி. சலூன்ல கிடந்த பழைய பைண்டு புத்தகத்துல பாத்து வளந்தேன்."

1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த கோபாலனுக்குக் கோபுலு என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு அவர் வரைந்த படங்களை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய வசனமில்லாத விகடன் ஜோக்குகள்தான் உயிர். திண்ணை, கல்யாணப் பந்தல், ரயில் பெட்டி என்று நாம் தினமும் தாண்டிப் போகிற இடங்களிலேயே வேடிக்கையைப் பிடித்துவிடுவார்.

அண்ணன் மல்லாந்து படுக்கிறார். படகில் வரைந்துகொண்டிருக்கும் மீனின் வாய்க்கு வலது கை எட்டவில்லை. பிரஷ் இடது கைக்கு மாறுகிறது. "சாருக்குப் பக்கவாதத்துல வலது கை போனப்பவும் இடது கையால வரைஞ்சாரு. நமக்கு இந்த ஒரு வாய்தானே!" வியர்வை காதுக்குள் இறங்குகிறது. பையன் துண்டால் துடைத்துவிடுகிறான். பிரஷ் கொஞ்சம் நழுவ, மீனுக்கு ஓரவாய்ச் சிரிப்பும் மீசையும் வந்துவிட்டன.

படகுக்காரர் எட்டிப் பார்க்கிறார். "யோவ், எம் மச்சான் மாதிரியே இருக்கே!"

"அழிச்சிரவா?"

"மீசைய மட்டும் எடு. சிரிப்பு இருக்கட்டும். வீட்ல கூட்டியாந்து காட்டணும்."