நினைத்தபடி வந்தால் காப்புரிமை இல்லை

கலவைக்குக் காப்புரிமை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "கலந்து முடித்தபோது நீங்கள் நினைத்தபடி வந்ததா?" பெரும்பாலோர் பெருமையாக "ஆமாம், அப்படியே வந்தது" என்பார்கள். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை போய்விடும்.

நான் பேடண்ட் ஏஜென்ட். பிறந்து வளர்ந்தது சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். பிழைப்பு சென்னை கிண்டியில், காப்புரிமை அலுவலகத்தைச் சுற்றி. என் கைக்கு வருவதில் கண்ணாடி, பீங்கான், பெயிண்ட், பசை என்று கலவைகளே அதிகம். பட்டாசு மருந்து வாசனை அடிக்கும் ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கும் அவைதான் பிடிக்கும். இயந்திரத்தில் புதிதாக ஒரு பல்சக்கரம் சேர்த்தால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கலவையில் புதுமை இருக்கிற இடம் சதவீதக் கணக்கு. சண்டை முழுவதும் அந்த எண்களைப் பற்றியதுதான்.

நம் காப்புரிமைச் சட்டம் 1970ஆம் ஆண்டினுடையது. இருபது ஆண்டுக்கு ஒருவருக்குத் தனியுரிமை கொடுக்க அது மூன்று கேள்வி கேட்கிறது. இதற்கு முன் உலகில் எங்காவது இது வெளிவந்திருக்கிறதா? தொழிலுக்குப் பயன்படுமா? அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு இது தானாகத் தோன்றக்கூடியதா? முதல் இரண்டும் ஓரளவு சுலபம். மூன்றாவதில்தான் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கலவைக்காரர்களுக்குக் கூடுதலாக இன்னொரு முள்வேலியும் உண்டு: பிரிவு 3(இ). பொருள்களைச் சேர்த்ததில் அவற்றின் தனித்தனிக் குணங்களின் கூட்டுத்தொகை மட்டுமே கிடைத்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது. சேர்ந்த பிறகு ஒன்று மற்றொன்றின் வேலையை மாற்றியிருக்க வேண்டும்.

"தொழில் தெரிந்த ஒருவர்" என்று சட்டம் சொல்லும் ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. தன் துறையில் உலகத்தில் அச்சான எல்லாவற்றையும் படித்திருப்பார், ரஷ்ய மொழிக் கட்டுரை உட்பட. கை சுத்தம். ஆனால் கற்பனை கொஞ்சம் கம்மி. விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அந்த ஆளின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1978இல் உச்ச நீதிமன்றம் மிர்சாபூர் பாத்திரப் பட்டறைகளின் வழக்கு ஒன்றை இப்படித்தான் தீர்த்தது. பாத்திரத்தைக் கடைசல் பிடிக்கும்போது ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. கைதேர்ந்த பட்டறைக்காரர் செய்யக்கூடிய சீர்திருத்தத்தைத் தாண்டி இதில் ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்றைக்கும் கிண்டியிலிருந்து வரும் கடிதங்களில் அந்தத் தீர்ப்பு எட்டிப் பார்க்கும்.

பரிசோதகர் இதை எப்படிச் செய்கிறார் என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் கண்ணாடி இழை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020இல் போட்ட கடலடிக் கேபிளுக்குள் தலைமுடி பருமனில் கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. அவற்றுக்குள் ஒளி ஓடுகிறது. எவ்வளவு சுத்தமான கண்ணாடியாக இருந்தாலும் நூறு கிலோமீட்டர் போனால் ஒளியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். முன்பெல்லாம் வழியில் ஒளியை மின்சாரமாக்கி, பலப்படுத்தி, மறுபடி ஒளியாக்கி அனுப்பினார்கள். 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எம்மானுவேல் டெசர்வீர் குழுவும் இதைச் சுருக்கிவிட்டன. இழையின் நடுத்தண்டில் எர்பியம் என்ற அருமண் தனிமத்தைத் துளியளவு கலந்து, அதற்கு வேறொரு லேசரால் தீனி போட்டால், கடந்து போகும் ஒளி மின்சாரமாக மாறாமல் அங்கேயே பெருகிவிடுகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. சுத்த சிலிக்கா கண்ணாடிக்கும் அருமண் தனிமங்களுக்கும் ஆகாது. கொஞ்சம் கூட்டிப் போட்டால் எர்பியம் அணுக்கள் ஒன்றோடொன்று கும்பல் சேர்ந்து, தங்களுக்குள்ளேயே ஆற்றலைப் பரிமாறி வீணாக்கிவிடும். அலுமினா சேர்த்தால் கும்பல் கலையும். இப்போது ஒருவர் வந்து, சிலிக்கா, அலுமினா, எர்பியம், இன்னின்ன விகிதம் என்று காப்புரிமை கேட்கிறார் என்று வையுங்கள். பரிசோதகர் தேடுகிறார். 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று கிடைக்கிறது: சிலிக்காவில் நியோடிமியத்தின் கும்பலை அலுமினியமும் பாஸ்பரஸும் கலைக்கின்றன. எர்பியம் பற்றி அதில் பேச்சில்லை. போதுமா, போதாதா?

இங்கேதான் வேலை தெரிந்த பரிசோதகரும் தெரியாதவரும் பிரிகிறார்கள். அருமண் தனிமங்கள் வேதியியலில் உடன்பிறப்புகள்; ஒன்றின் கும்பலைக் கலைத்தது மற்றொன்றின் கும்பலையும் கலைக்கும் என்று தொழில் தெரிந்தவர் எதிர்பார்ப்பார். அதனால் "அலுமினா போட்டேன், எர்பியம் நன்றாகக் கரைந்தது" என்பதற்கு உரிமை கிடைப்பது கடினம். ஒளியைப் பெருக்குவதில் நிலைமை வேறு. எந்த அலைநீளத்தில், எவ்வளவு அகலத்துக்குப் பெருக்கும் என்பதில் ஒவ்வொரு தனிமமும் தனித் தனி ஜாதி; நியோடிமியத்தைப் பார்த்து எர்பியத்தின் நடத்தையைச் சொல்ல முடியாது. விண்ணப்பதாரர் எதைச் சாதித்ததாகச் சொல்கிறார் என்பதை வைத்து அதே கலவை ஜெயிக்கலாம், தோற்கலாம். நான் பரிசோதகராக இருந்திருந்தால் கரைதலைத் தள்ளிவிட்டு, பெருக்கத்துக்கு அளவீடு கேட்டிருப்பேன்.

சும்மா "இது எவருக்கும் தோன்றும்" என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிடவும் முடியாது. பழைய ஆவணம் என்ன சொல்கிறது, விண்ணப்பம் என்ன சொல்கிறது, அதிலிருந்து இதற்குத் தொழில் தெரிந்தவர் எப்படி வந்திருப்பார் என்று மூன்றையும் எழுதியாக வேண்டும் என 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் கறாராகச் சொன்னது. முதல் பரிசோதனை அறிக்கை வந்தால் பதில் சொல்ல எங்களுக்கு ஆறு மாதம். அந்த மூன்றாவது படியில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதில்தான் என் மாலைப் பொழுதுகள் போகின்றன.

எண்களுக்கு வருவோம். டைட்டானியத்தில் நிக்கல் 0.6 முதல் 0.9 சதவீதம், மாலிப்டினம் 0.2 முதல் 0.4 சதவீதம் கலந்தால் உப்புநீரில் துருப்பிடிப்பதில்லை என்று ஓர் அமெரிக்க நிறுவனம் உரிமை கேட்டது. பரிசோதகர் 1970இல் வந்த ஒரு ரஷ்யக் கட்டுரையை எடுத்து நீட்டினார். கட்டுரையில் துருவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தது; கணக்குப் போட்டால் நிக்கல் 0.75, மாலிப்டினம் 0.25. புள்ளி வைத்தாகிவிட்டது என்றால் உலோகம் பழசு. அதன் புதுக் குணத்தைக் கண்டுபிடித்ததற்காக உலோகத்தையே சொந்தமாக்க முடியாது என்று 1985இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்தது. இன்னொரு கோரிக்கை நிக்கல் 0.8, மாலிப்டினம் 0.3 என்று புள்ளியைத் தொடாமல் ஒதுங்கி நின்றது. அதுவும் தப்பவில்லை. இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் இரண்டு கலவைகளுக்கும் ஒரே குணம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள் என்பது காரணம். பாவம் அந்த விஞ்ஞானிகள். நான் தீர்ப்பின் பக்கம்தான்.

அப்படியானால் விகிதத்தை மாற்றி எவருமே ஜெயிக்க முடியாதா? முடியும், சாட்சி நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தூக்கிப் போனதைப் பார்த்தவர்களுக்கு அதன் மேண்டில் நினைவிருக்கும். தொட்டால் உதிர்ந்துவிடும் வெள்ளை வலை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885இல் செய்த முதல் மேண்டில் பச்சையடித்த வெளிச்சம் தந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. 1891இல் தோரியம் ஆக்சைடு 99 சதவீதம், சீரியம் ஆக்சைடு ஒரு சதவீதம் என்று வந்து நின்றார். தோரியம் மட்டும் இருந்தால் வெளிச்சம் மங்கல். சீரியம் மட்டும் இருந்தாலும் மங்கல். ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பதாகச் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. சீரியத்தை இன்னும் கூட்டினால் மேண்டிலின் சூடு இறங்கி, வெளிச்சம் மறுபடி விழுந்துவிடும். இரண்டு மங்கல் சேர்ந்து ஒரு வெளிச்சம். கூட்டுத்தொகைக் கணக்கில் அடங்காது. இன்றைக்கு இது கிண்டிக்கு வந்தாலும் அந்த ஒரு சதவீதத்துக்காக நான் தைரியமாக வாதாடுவேன். மேண்டிலுக்கான தோரியம் தேடித்தான் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல், அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்த மணலில் இன்றும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் வேலை நடக்கிறது.

இனி எங்கள் ஊர் விஷயம். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்றது. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பச்சை உப்பு. பல ரகங்களுக்கு அதுதான் உயிர். ஆலைகள் மூடிக் கிடந்து, பிறகு நாகபுரியின் நீரி ஆய்வகம் கொடுத்த ஜியோலைட் போன்ற சேர்மானங்களோடு பசுமைப் பட்டாசு வந்தது. அந்த நாள்களில் என் சித்தப்பாவும் உரிமம் உள்ள ஒரு ஆலையில் போர்மேனாக இருந்து புதுக் கலவை தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் போன் செய்தார்.

"தாயி, புஸ்வாணத்துக்கு ஒரு மருந்து புடிச்சிருக்கேன். பச்ச உப்பு ஒரு துளி கெடையாது. புகையும் கம்மி. இதுக்கு பேடண்ட் போட்ரலாமா?"

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"நெனச்சபடி வராம? முப்பது வருசமா மருந்து அலசுறேன். எத போட்டா என்ன வரும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் பெருமையாகச் சொன்னது அத்தனையும் அவருக்கு எதிரான சாட்சியம். பேரியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம், வெடியுப்பு என்று போகலாம் என்பது பழைய புத்தகங்களிலேயே இருக்கிறது. புகை குறைக்கும் சேர்மானமும் வெளிவந்துவிட்டது. எவ்வளவு போடுவது என்று கைப்பக்குவத்தில் தேடிப் பிடித்ததை "வழக்கமான சோதனை" என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடுவார்கள். இதைச் சொன்னபோது மனுஷருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேல தெரியாதவனுக்குத்தான் குடுப்பாகளோ?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டம் ஒரு கற்பனை ஆளை அளவுகோலாக வைத்திருக்கிறது. அந்த ஆள் கிட்டத்தட்ட என் சித்தப்பாவைப் போலவே இருக்கிறார். தன்னைத் தானே தாண்டினால்தான் அவருக்கு உரிமை.

பேச்சு வாக்கில் வேறொன்று சொன்னார். ஸ்ட்ரான்சியம் ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் மருந்து பிசுபிசுத்துவிடும். இதில் மட்டும் அப்படி ஆகவில்லையாம். திரியை நேராக்க அவர் போட்ட ஏதோ ஒன்று ஈரத்தைத் தடுத்திருக்கிறது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என்ன பொருள் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கட்டுரையே அவருக்கு எதிரான பழைய ஆவணமாகிவிடும். பத்திரிகையில் வந்ததும், கடையில் விற்றதும், யூடியூபில் காட்டியதும் எல்லாம் ஒரே கணக்குதான். நல்லவேளை, சரக்கு இன்னும் ஆலையை விட்டுப் போகவில்லை.

விண்ணப்பக் கட்டணம் பெரிய தடையில்லை. தனிநபருக்கு இணையத்தில் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. செலவு அளவீட்டில்தான். அந்தப் பொருள் போடாத மருந்து, போட்ட மருந்து, இரண்டு மடங்கு போட்ட மருந்து என மூன்றையும் ஒரே ஈரத்தில், ஒரே நாள் கணக்கில் வைத்து எடை பார்க்க வேண்டும். மூன்றுக்கும் நடுவே வெல்ஸ்பாக்கின் ஒரு சதவீதம் மாதிரி ஒரு மேடு தெரிய வேண்டும். போடப் போட ஈரம் குறைகிறது என்று நேர்கோடாக வந்தால் பரிசோதகர் விடமாட்டார்.

"ஆய்வகத்துல ஈரம் வச்சுத் தருவாக சித்தப்பா, அதுக்கு ஒரு பெட்டி இருக்கு."

"பெட்டி கெடக்கட்டும். ஐப்பசி மழைய விடவா?"

பெட்டியின் அளவீடுதான் பரிசோதகரிடம் செல்லும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மதுரையில் விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம்.