சூரிய ஒளியும் இரும்பும்

சூரிய ஒளியைக் கொண்டே நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எரிபொருளைப் பெறுவது விஞ்ஞானிகளின் நெடுநாளைய முயற்சியாகும். 1972-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பயன்படுத்தி இதற்கு வழிகாட்டினர். டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நமது நாட்டில், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. ஆயினும் இந்த ஆக்சைடு புறஊதாக் கதிர்களை மட்டுமே ஏற்கும். சூரிய ஒளியில் அவற்றின் பங்கு சுமார் 5 சதவீதமே. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை ஏற்று, அதன் ஆற்றலைக் கொண்டு அருகிலுள்ள பொருளுக்கு எலெக்ட்ரானை வழங்க வேறொரு துணைப்பொருள் தேவை. இதுவே ஒளியுணர்வூட்டி எனப்படுகிறது.

அரிய உலோகத்தின் தடை

இப்பணிக்கு இதுவரை பெரிதும் கையாளப்பட்டது ருத்தேனியம் ஆகும். புவியோட்டில் இரும்பு 100-க்கு 5 பங்கு. ருத்தேனியமோ 100 கோடியில் ஒரு பங்கு அளவே. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் எடுக்கும்போது துணைவிளைபொருளாகவே அது கிடைப்பதால், தேவை பெருகினாலும் வரத்து உடனே பெருகாது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் புறப்பட்டு, அரிய உலோக இறக்குமதியை நாடுவது சிக்கனமாகாது. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பிளாட்டினம் வகை உலோகங்களும் இடம்பெற்றுள்ளன.

இரும்பின் குறையும் தீர்வும்

ஒளியை ஏற்ற ருத்தேனியச் சேர்மம் வினாடியின் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்கு நேரம் கிளர்வுற்ற நிலையில் நீடிக்கிறது. எலெக்ட்ரானை வழங்க இந்த நேரம் போதுமானது. சாதாரண இரும்புச் சேர்மத்திலோ அந்நிலை வினாடியின் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் குலைந்து, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இரும்பைச் சுற்றி கார்பீன் என்னும் கரிம அமைப்புகளை இறுகப் பிணைத்தால் இக்குலைவு தாமதப்படும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் 1,000 கோடியில் ஒரு பங்கு வினாடியையும், 2019-இல் 100 கோடியில் 2 பங்கு வினாடியையும் எட்டினர். செம்பு, குரோமியம், மாங்கனீசு ஆகியவற்றிலும் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன.

கணக்கிட வேண்டியவை

உலோகம் மலிவு என்பதனாலேயே எரிபொருள் மலிவாகிவிடாது. கரிம அமைப்புகளைத் தயாரிக்கும் செலவு, வெயிலில் சேர்மம் சிதையாது உழைக்கும் காலம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒளிவினையூக்கிகள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ரூ. 19,744 கோடி ஒதுக்கீட்டில், ஆராய்ச்சிக்கென ரூ. 400 கோடி வகுக்கப்பட்டது. இன்றைய உற்பத்தித் திட்டங்கள் மின்னாற்பகுப்பையே நம்பியுள்ளன. எனினும், நம்மிடம் மிகுதியாக உள்ள உலோகத்தைக் கொண்டு நாளைய தொழில்நுட்பத்தை அமைக்கும் ஆய்வுக்கும் அதில் உரிய பங்கு கிடைப்பது அவசியமாகும்.