வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் முன்...

சென்ற பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், "சார், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஜிப்ஸிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள்? தெருவே பேசிக்கொள்கிறது" என்று கேட்டார். ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். டேராடூனில் நம்மவர்கள் பலரிடம் இப்போது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் இருக்கின்றன. அவர்களுக்கும் இது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஆகஸ்டில், நல்ல மழைக்காலத்தில், மால்தேவ்தா பக்கம் ஸோங் ஆற்றின் கிளை ஒன்றை வண்டியோடு கடந்தேன். சக்கரத்தில் பாதி அளவு தண்ணீர். நான்கு சக்கர இழுவை இருக்கும்போது என்ன பயம்? குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அந்த வார இறுதியில், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மலை காட்டலாமென்று குடும்பத்தோடு சக்ராதா போனோம். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம். திரும்பி இறங்கும்போது, பின் இருக்கையில் இருந்த அம்மா சொன்னார்: "என்னப்பா இது, பின்னால ஆட்டுக்கல் தண்ணியில்லாம அரைக்கிற மாதிரி சத்தம் கேக்கு?"

மலைச் சாலைச் சத்தம், ஒன்றுமில்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன். ஸஹியாவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பின்பக்கம் 'கடக்' என்றது. பின் சக்கரங்கள் ஒரு கணம் இறுகி, வண்டி பள்ளத்தின் பக்கம் இழுத்தது. வேகம் குறைவாக இருந்ததால் தப்பித்தோம். பொழுது சாய்கிற நேரம். பயணிகளை ஏற்றிவந்த ஜீப் ஒன்றில் இடம் பிடித்து, அம்மாவையும் குழந்தைகளையும் விகாஸ்நகர் வரை கொண்டுவந்து சேர்த்தேன்.

மறுநாள் விகாஸ்நகரிலிருந்து அழைத்துப்போன வயதான மெக்கானிக், பின் ஆக்ஸிலின் அடியில் இருந்த பிளக்கைத் திறந்தார். பால் கலந்த நிறத்தில் எண்ணெய் ஒழுகியது. "ஸாப், யே தேல் நஹீ, சாய் ஹை" என்றார். பிறகு, கடைசியாக என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேட்டார். ஜூலையில் ஒரு பட்டறையில் மாற்றியிருந்தேன். "கியர் ஆயில் எல்லாம் கியர் ஆயில்தான்" என்று சொல்லி அங்கே ஊற்றிய டப்பா என் வீட்டில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால், அது கியர் பாக்ஸுக்கான எண்ணெய். கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் மாற்ற என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. பணம் போனது பெரிதில்லை. அந்த வளைவை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது?

குடியரசு தின அணிவகுப்பில் ஒரு வரிசை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள் ஓரத்தில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார். வெளி ஓரத்தில் இருப்பவர் எட்டி நடக்க வேண்டும். வளைவில் வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இதே நிலைமைதான். எஞ்சின் சக்தியை இரண்டுக்கும் கொடுத்துக்கொண்டே, வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற இடம் கொடுப்பதுதான் டிஃபரென்ஷியல். ஆக்ஸிலின் நடுவில் பூசணிக்காய் போல் புடைத்திருக்கிறதே, அதற்குள் இருக்கிறது. முன் சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார்களில் இது கியர் பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய்.

ஏன் தனி எண்ணெய்?

எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தாழ்ந்து அமையும். இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். இதில் பல்லும் பல்லும் உருள்வதோடு, பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். ஆகவே, கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனப் பொருட்களைக் கலக்கிறார்கள். பல் சூடேறும் இடத்தில் அவை உலோகத்தோடு சேர்ந்து மெல்லிய படலமாகி, இரும்பு இரும்பைக் கடிக்காமல் காக்கின்றன. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி இந்தக் கந்தகத்தால் வருவதுதான்.

டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள். முதலாவது, ஏ.பி.ஐ. தரம். ஜி.எல்.-4 என்றால் மிதமான வேலைக்கு, ஜி.எல்.-5 என்றால் ஹைபாய்டு பற்களின் கடுமையான வேலைக்கு. டிஃபரென்ஷியலுக்குப் பொதுவாக ஜி.எல்.-5 வேண்டும். அதற்காக மீதியைக் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். பல கியர் பாக்ஸ்களில் பித்தளை வளையங்கள் உண்டு. ஜி.எல்.-5 எண்ணெய் சிலவற்றில் அவற்றைக் கெடுக்கும். கியர் விழுவதும் கடினமாகும். கையேட்டில் எதற்கு எது என்று போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுவது உத்தமம்.

இரண்டாவது, தடிமன். 80 டபிள்யூ 90 என்றால், முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி இளகும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தடிமன் என்பதையும் குறிக்கும். 80 டபிள்யூ என்பது மைனஸ் 26 டிகிரி வரையிலும், 75 டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரி வரையிலும் சோதிக்கப்படுகிறது. டேராடூனுக்கும், பனி விழும் சக்ராதாவுக்கும் 80 டபிள்யூ 90 தாராளம். லடாக் குளிரில் இருப்பவர்கள் 75 டபிள்யூ 90 பற்றி யோசிக்கலாம். 90 என்றதும் எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு தடிமன் என்று நினைக்க வேண்டாம். அது வேறு அளவுகோல். கியர் எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 40, 50-க்கு ஏறக்குறையச் சமம். சில வண்டிகளில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் இருக்கும். அதற்குத் தனிச் சேர்மானம் கலந்த எண்ணெய் தேவைப்படலாம், கையேட்டைப் பாருங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

மூடியிருக்கும் இரும்புக்குள் தண்ணீர் ஏது என்று நானும் கேட்டேன். ஓடி வந்த ஆக்ஸில் சூடாக இருக்கும். ஆற்றில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருப்பதை உறிஞ்சும். மூச்சு விடும் வால்வு சேற்றால் அடைத்தோ கெட்டோ போயிருந்தால், தேய்ந்த சீல் வழியாகவும் வால்வு வழியாகவும் தண்ணீர் நுழைந்துவிடும். ஆற்றைக் கடந்த மறுநாள் காலை, வண்டியை அசைக்காமல் அடிப் பிளக்கைச் சிறிது தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். பால் நிறம் தெரிந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். முன் டிஃபரென்ஷியலையும் பாருங்கள். நான்கு சக்கர இழுவையை நீங்கள் போடாவிட்டாலும் தண்ணீர் அதற்குள்ளும் போயிருக்கும்.

மாற்றும் முறை

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான எண்ணெய் அழுக்கோடு இறங்கும். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

எண்ணெய் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் திறவுங்கள். அடிப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல் போனால், எண்ணெய் இல்லாத வண்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடிப் பிளக்கில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடிந்ததும் பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்குங்கள். மேல் துளை வழியாகக் குழாய் வைத்து, எண்ணெய் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள். என் வண்டி அளவிலானவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும். நிறைய ஊற்றினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். மிகுதி எண்ணெய் சீலைத் தாண்டிப் பின் பிரேக்கில் இறங்கினால், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் அதுவும் அடங்கும். காலி டப்பாவில் மூடி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுதான் விஷயம். இரண்டு டிஃபரென்ஷியலையும் பார்த்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எண்ணெய் கெட்டிருந்தால் மாற்ற இன்னொரு மணி. இந்த ஊரில் மழை ஓயும் நேரமும் ஆயுத பூஜையும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருவதால், அந்த நாளை நான் மறப்பதே இல்லை.

சென்ற ஆயுத பூஜைக்கு முன்னும், வண்டிக்கு அடியிலிருந்து கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தேன். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்டார்: "ஆட்டுக்கல்லுக்குத் தண்ணி ஊத்திட்டியாப்பா?" ஊற்றிவிட்டேன் அம்மா என்றேன். "அப்ப பொட்டு வை" என்றார்.