நீண்டகரைக்கு வந்த படகும் வராத சட்டங்களும்

நோர்வே அரசின் வெளிநாட்டு அபிவிருத்தி உதவி முதன்முதலில் சென்றடைந்த இடம் கேரளத்தின் நீண்டகரை. கொல்லம் நகருக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் அரபிக்கடலுடன் கலக்கும் முகத்துவாரத்தில் இந்த மீனவக் கிராமம் அமைந்திருக்கிறது. 1952 ஒக்டோபரில் நோர்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய முத்தரப்பும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953இல் அங்கு இந்திய-நோர்வே மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட போதிலும் அத்திட்டத்தின் கதை பழையதாகிவிடவில்லை. பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு மீனவருக்கும் இலங்கையின் வடபகுதி மீனவருக்கும் இடையே இழுவைப் படகுகள் குறித்து நிலவும் பிணக்கு, நீண்டகரையில் அன்று எழுந்த அதே கேள்வியை வேறொரு வடிவில் எழுப்புகிறது. வெப்பமண்டலக் கரையோரம் ஒன்றில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், புதிய தொழில்நுட்பம் வந்தபோது எது மாறியது என்பதே அக்கேள்வி.

இருவேறு கடல்கள்

நோர்வேயின் கடலும் கேரளத்தின் கடலும் இயல்பிலேயே வேறுபட்டவை. வடநோர்வேயின் லோஃபோட்டன் தீவுகளை நோக்கி ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன்கள் முட்டையிடத் திரண்டு வருகின்றன. ஒரு சில இன மீன்கள், ஒவ்வொன்றும் பெருந்தொகையில் கிடைப்பது குளிர்கடலின் தன்மை.

வெப்பக்கடலில் நிலைமை மாறானது. அங்கு நூற்றுக்கணக்கான மீனினங்கள் ஒரே நீர்ப்பரப்பில் கலந்து வாழ்கின்றன. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற சில இனங்களே பெருங்கூட்டமாக வருகின்றன. ஏனையவை இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சிறுசிறு அளவில் கிடைப்பவை.

இந்தக் கடலின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானிப்பது பருவக்காற்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் ஊட்டச்சத்துகளுடன் மேலெழுகிறது. மீன்கள் பெருகுவதற்கு அதுவே அடிப்படை. அதே காலத்தில் அலைகள் கொந்தளிப்பதால் கரையிலிருந்து கடலில் இறங்குவது கடினமாகிறது. ஆலப்புழை போன்ற இடங்களில் மட்டும் 'சாகர' எனப்படும் சேற்றுத்திட்டு உருவாகி, நீரில் கலந்த சேறு அலையின் வேகத்தைத் தணிக்கிறது. மழைக்காலத்தில் மீனவர் அங்கு கூடுவது நீண்டகால வழக்கம்.

கரையின் வாழ்க்கை முறை

சங்க இலக்கிய மரபு கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலை ஒரு தனித் திணையாக வகுத்தது. நிலம், பொழுது, தொழில், உணவு, தெய்வம் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அந்த வகுப்பின் அடிப்படை. பிற்காலக் கரையோர வாழ்விலும் அந்தப் பிணைப்பைக் காணலாம்.

கொல்லம் முதல் கன்னியாகுமரி வரையும், அங்கிருந்து சோழமண்டலக் கரை நெடுகிலும், இடத்துக்கு ஏற்ற கலங்கள் உருவாயின. அலை நேராக வந்து மோதும் திறந்த மணற்கரைகளில் கட்டுமரம் பயன்பட்டது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த இக்கலம் அலையில் மூழ்கினாலும் மீண்டும் மிதக்கும். கரை சேர்ந்ததும் பிரித்து உலர்த்தலாம். அலை குறைந்த இடங்களில் வள்ளங்கள் புழங்கின. ஊர் மக்கள் கூடி இழுக்கும் கரைவலை, குறிப்பிட்ட மீனுக்கெனக் கண்ணளவு வகுத்த வலைகள், தூண்டில் ஆகியவை பருவத்துக்கேற்ப மாறி மாறிக் கையாளப்பட்டன. யாழ்ப்பாணக் கரைகளில் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளுக்கு வழங்கும் பெயர்களே மீனவரின் நாட்காட்டியாகவும் இருந்தன.

பிடிபட்ட மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. வலை பின்னுவதிலும் கருவாடு உலர்த்துவதிலும் அவர்களது உழைப்பு கலந்திருந்தது. ஆயினும் அக்காலத்தை ஒரு பொற்காலமாகக் கருதிவிட முடியாது. கடன், நோய், தூய குடிநீர் இன்மை, சாதிய இழிவு ஆகியவை கரையோர மக்களை அழுத்தின. முன்பணம் கொடுத்த வணிகரே மீனின் விலையையும் தீர்மானித்தார்.

நோர்வே தந்தவையும் தொடர்ந்து வந்தவையும்

நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை ஆகிய கிராமங்களை மையமாகக் கொண்ட இந்திய-நோர்வே திட்டம் மீன்பிடியுடன் மட்டும் நின்றுவிடவில்லை. இயந்திரப் படகுகள், படகு கட்டும் தளம், பனிக்கட்டித் தொழிற்சாலை ஆகியவற்றுடன் மருத்துவ நிலையமும் குழாய்வழிக் குடிநீரும் கிடைத்தன. சுகாதாரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தை அத்திட்டத்தை விமர்சிப்பவர்களும் மறுப்பதில்லை.

ஆனால் திட்டத்தின் போக்கை மாற்றியது இறால். 1950களில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறாலை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் வணிகம் தொடங்கியது. பின்னர் ஜப்பானும் பெரும் சந்தையாகியது. இறால் கடலடியில் வாழ்வது. அதனைப் பெருமளவில் பிடிப்பதற்கு, கடலடியை வாரிச் செல்லும் பை போன்ற இழுவைமடியே ஏற்றதாக இருந்தது. உள்ளூர் மக்களின் உணவையும் வருமானத்தையும் பெருக்கும் நோக்குடன் அறிமுகமான இயந்திரப் படகு, 1960களில் ஏற்றுமதிக்கான இறால் படகாக மாறியது. இத்திட்டத்தில் நோர்வேயின் பங்கு 1972இல் முடிவுற்றது.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளௌசன் இக்கிராமங்களை ஆராய்ந்து 1968இல் ஒரு நூலை வெளியிட்டார். ஒரே படகு அடுத்தடுத்த கிராமங்களில், வெவ்வேறு மத, சமூகப் பின்னணி கொண்ட மக்களிடையே வெவ்வேறு விளைவுகளைத் தந்ததை அவரது ஆய்வு எடுத்துக்காட்டியது.

இழுவைமடி இறாலை மட்டும் தெரிந்தெடுத்துப் பிடிப்பதில்லை. பல இனங்கள் கலந்து வாழும் வெப்பக்கடலில் அது குஞ்சு மீன்களையும், விலையற்றவை என ஒதுக்கப்படும் உயிர்களையும் சேர்த்தே அள்ளுகிறது. சிறு மீனவர் விரித்த வலைகளையும் அது அறுத்துச் செல்கிறது. 1970களின் பிற்பகுதியில் இது மோதலாக வெடித்தது. கேரள அரசு 1980இலும் தமிழ்நாடு அரசு 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. 1988 முதல் கேரளத்தில் மழைக்கால இழுவைமடித் தடை நடைமுறைக்கு வந்தது.

அந்தப் போராட்டங்களின் முன்னணியில் நின்ற பாதிரியார் தோமஸ் கோச்சேரிக்கு, 1999இல் நோர்வேயின் சோஃபி பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நோர்வேப் படகு முதலில் சென்ற அதே மாநிலத்தில், இயந்திரமயமாக்கலின் விளைவுகளுக்கு எதிராகப் போராடிய ஒருவரை நோர்வே கௌரவித்தது குறிப்பிடத்தக்கது.

படகுடன் ஏற்றப்படாதவை

இங்கு கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. நோர்வே தனது சொந்தக் கரையில் இழுவைப் படகுகளைத் தடையின்றி விட்டுவிடவில்லை. சிறு படகு மீனவரைப் பாதுகாக்க 1936இலும் 1939இலும் இழுவைப் படகுகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை அது இயற்றியிருந்தது. 1938இன் மீன் விற்பனைச் சட்டம், பிடிபட்ட மீனின் முதல் விற்பனையை மீனவரின் சொந்த விற்பனைச் சங்கங்களின் கையில் ஒப்படைத்தது. படகின் பெரும்பான்மை உடைமை தொழிலில் ஈடுபடும் மீனவரிடமே இருக்க வேண்டும் என்ற விதி, சில விலக்குகளுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

அதாவது, நோர்வே மீனவரின் வாழ்வு உயர்ந்ததற்கு இயந்திரம் மட்டும் காரணமல்ல. விலையிலும் உடைமையிலும் அவர்கள் பெற்ற அதிகாரமும் காரணம். நீண்டகரைக்குப் படகு வந்தது, பனிக்கட்டி வந்தது. அந்த அதிகாரத்தை அளித்த சட்டங்கள் உடன் வரவில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோதிலும் இறாலின் இலாபம் பெருமளவில் வணிகரிடமும், கடலுக்குச் செல்லாத முதலீட்டாளரிடமும் சென்று சேர்ந்தது. மீன் இறங்குதுறைகள் சில துறைமுகங்களில் குவிந்தபோது, கூடை சுமந்த பெண்கள் பெருவணிகருடன் போட்டியிட நேர்ந்தது.

பாக்கு நீரிணை: அதே கேள்வி

இறால் சந்தையின் ஈர்ப்பு கேரளத்துடன் நிற்கவில்லை. பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழமுடைய பாக்கு விரிகுடாவின் இந்தியக் கரையிலும் இழுவைப் படகுகள் பெருகின. எதிர்க்கரையில் போர்க்காலக் கட்டுப்பாடுகளால் வடபகுதி மீனவர் பல ஆண்டுகள் கடலுக்குச் செல்ல இயலாதிருந்தனர். 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, தமது கடலில் இழுவைமடிகள் ஓடுவதைக் கண்டனர். 2017இல் இலங்கை நாடாளுமன்றம் கடலடி இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் பிணக்கு தீரவில்லை.

இதனை எல்லைத் தகராறாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. கைதும் படகுப் பறிமுதலும் இராமேஸ்வரத்துக் குடும்பங்களின் துயரம். அறுந்த வலைகள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் துயரம். இரு கரைகளிலும் பேசப்படுவது தமிழே. மோதிக்கொள்பவை இரு மீன்பிடி முறைகள்.

நோர்வேவாழ் தமிழருக்கு இக்கதை இன்னொரு வகையிலும் நெருக்கமானது. 1956இல் நோர்வேக்கு வந்த யாழ்ப்பாணத்தவரான அன்ரனி ராஜேந்திரம் முன்னின்று உருவாக்கிய சீநோர் நிறுவனம், நோர்வே மக்களின் நிதியுதவியுடன் காரைநகரில் படகு கட்டும் தளத்தை அமைத்தது. நோர்வேக்கான தமிழரின் தொடக்ககாலக் குடிபெயர்வு அந்தத் தொடர்பின் வழியே வளர்ந்தது. பின்னர் வந்தோரில் பலர் வடநோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் பணியாற்றினர்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளின் கிராமச் சங்கங்களிலிருந்து 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, முதல் விற்பனையை மீனவரே கட்டுப்படுத்தும் முறையை நடைமுறைப்படுத்திக் காட்டியது. நோர்வே 1938இல் சட்டத்தால் செய்ததை, இக்கரையின் மக்கள் தமது முயற்சியால் ஒரு சிறு அளவிலேனும் செய்தார்கள். பாக்கு நீரிணை குறித்து எதிர்காலத்தில் நடைபெறும் பேச்சுகளில், படகுகளின் எண்ணிக்கையுடன் மீனின் விலையும் படகின் உடைமையும் யார் கையில் இருக்கின்றன என்பதும் விவாதிக்கப்பட வேண்டும். நீண்டகரையில் அக்கேள்வி உரிய காலத்தில் எழுப்பப்படவில்லை.