கிரியாட்டினினை மட்டும் நம்பலாமா?

விருத்தாப்பியம் அடைந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, ‘கிரியாட்டினின் சரியாகவே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால், சிறுநீரகத்தைப் பற்றிய வீட்டாரின் கவலை அத்துடன் தீர்ந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பது விசாரிக்கத் தக்கது.

கிரியாட்டினின் என்பது தசைகளில் இடையறாது உண்டாகும் கழிவு. பிக்ரிக் அமிலத்துடன் சேர்ந்து அது செந்நிறம் கொள்வதை 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அந்த ரசாயன முறையைப் பல பரிசோதனைக் கூடங்கள் இன்றும் அனுசரிக்கின்றன; செலவும் சொற்பம். ஆனால் வயதினாலும், நோயினாலும், ஆகாரக் குறைவினாலும் தசை தேய்ந்துபோன சரீரத்தில் இந்தக் கழிவின் உற்பத்தியே குறைந்துவிடுகிறபடியால், சிறுநீரகத்தின் சக்தி வெகுவாகக் குன்றிய பின்னரும் ரத்தத்தில் அதன் அளவு ஏறாமலே நின்றுவிடக்கூடும். டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்ற ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தின் திறனைக் கணிக்க 2021-இல் வெளியான சி.கே.டி.-எபி என்ற சூத்திரத்தின்படி, 30 வயது ஆணிடத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 118 மில்லிலிட்டர் வடிகட்டும் திறனைக் குறிக்கும் அந்த எண், 80 வயது மூதாட்டியிடத்தில் சுமார் 65-ஐத்தான் குறிக்கிறது. அவர் எலும்பும் தோலுமாக மெலிந்தவராயிருந்தால் உண்மை நிலை இன்னும் தாழ்வாக இருக்கலாம். சூத்திரம் வயதையும் பாலையும் அறியுமே தவிர, மெலிவை அறியாது.

சிஸ்டாடின்-சி என்ற சிறு புரதமோ, உட்கருவுள்ள எல்லா உயிரணுக்களிலும் ஏறத்தாழச் சீராக உற்பத்தியாகி, சிறுநீரகத்தில் வடிந்து, அங்கேயே சிதைந்துபோவது; தசையின் தேய்வு அதை அதிகமாகப் பாதிப்பதில்லை. ஆயினும் அதையும் பழுதற்ற பிரமாணமாகக் கொள்ளலாகாது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, அழற்சி, உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவை அதன் அளவை மாற்றிவிடும். பெர்லின் நகரத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அயோஹெக்ஸால் என்ற திரவத்தை ஊசி மூலம் செலுத்தி, அது ரத்தத்திலிருந்து நீங்கும் வேகத்தை நேரடியாகவே அளந்து, 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிரியாட்டினினையும் சிஸ்டாடின்-சியையும் சேர்த்துக் கணித்த சூத்திரமே உண்மைக்கு மிக நெருங்கி நின்றது. இரண்டில் எது சிறந்தது என்ற விவாதத்தைக் காட்டிலும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிஸ்டாடின்-சி பரிசோதனைக்குச் செலவு அதிகம். எல்லோருக்கும் அது அவசியமுமில்லை. ஆனால் டிகாக்ஸின், காபாபென்டின், டாபிகாட்ரான் போன்றவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்துகளாதலால், கணக்குப் பிசகினால் அவை சரீரத்தில் தேங்கி விபரீதம் விளைவிக்கும். ஆகவே, உங்கள் வீட்டு முதியவர் உடல் மெலிந்திருக்கையில் இத்தகைய மருந்தைத் தொடங்க நேர்ந்தால், சிஸ்டாடின்-சியையும் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.